இயற்கையின் பெயரால்: வெளிப்பாட்டிய ஓவியத்தில் மனித உடலும் நிலமும்

ஓர் ஓவியத்தில் மனித உடல் எங்கே நிற்கிறது, அதைச் சுற்றி நீரும் மரமும் மண்ணும் எவ்வாறு அமைகின்றன என்பது வெறும் அழகியல் வினாவாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் எந்த உடல் இயல்பானது, எது கோணலானது, எது தூயது, எது கழித்துக்கட்டப்பட வேண்டியது என்று ஒரு சமூகம் வகுத்து வைத்திருக்கும் தீர்ப்புகளும் அந்த அமைப்புக்குள்ளேயே தங்கியிருக்கின்றன. எக்ஸ்பிரஷனிசம் என்று உலகம் அழைக்கும் கலை இயக்கம், தமிழில் வெளிப்பாட்டியம் எனப்படுவது, இதற்குத் தெளிவான சான்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் இளம் ஓவியர்கள், தங்கள் சமூகத்தின் தரவரிசையிலிருந்து மனித உடலை விடுவிக்கும் பொருட்டு இயற்கையிடம் சென்றனர். முப்பதே ஆண்டுகளில், அதே இயற்கையின் பெயரைச் சொல்லி, அந்த ஓவியங்களையும் பல்லாயிரம் மனிதர்களையும் ஒழித்துக்கட்ட ஓர் அரசு முனைந்தது. இவ்விரண்டுக்கும் இடையே நடந்தது என்ன என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

கண் கண்டதும் உள்ளம் கொண்டதும்

வெளிப்பாட்டியத்துக்கு முந்தைய தலைமுறையினரான பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியர்கள், ஒரு குறிப்பிட்ட வேளையில் ஒளி பொருள்களின்மீது விழும் விதத்தைப் பதிவு செய்தனர். அவர்களது ஓவியத்தில் இயற்கை என்பது கண்ணுக்குத் தென்படுவது. வெளிப்பாட்டிய ஓவியர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கினர். உள்ளத்தில் எழும் அச்சமும் வேட்கையும் துயரமுமே முதலில் நிற்கின்றன. வானத்தின் நிறமும் மலையின் கோடும் உடலின் வடிவமும் அவற்றுக்கேற்ப மாறுகின்றன. ஆகவே முகம் பச்சையாகலாம், குதிரை நீலமாகலாம், தெரு சரிந்து விழலாம்.

இந்த மாற்றத்துக்கு முன்னோடியாக நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க்கைக் கொள்வது வழக்கம். அவர் 1893இல் வரைந்த ‘அலறல்’ ஓவியத்தைப் பார்த்த பலரும், பாலத்தில் நிற்கும் அந்த உருவமே அலறுவதாக எண்ணுகின்றனர். மங்க் தாம் எழுதிய குறிப்புகளில் சொன்னது வேறு. மாலையில் நடந்து செல்கையில் வானம் குருதிச் சிவப்பாக மாறியது என்றும், இயற்கையினூடே ஒரு பெருங்கூக்குரல் கடந்து செல்வதைத் தாம் உணர்ந்ததாகவும் அவர் எழுதினார். அப்படியானால், அந்த உருவம் காதுகளைப் பொத்திக்கொண்டிருப்பதன் காரணம் விளங்குகிறது. அது கூக்குரலைக் கேட்கிறது. வானத்தின் வளைவும் கடலின் வளைவும் உருவத்தின் உடலிலும் தொடர்கின்றன. மனிதன் ஓரிடத்தில், இயற்கை வேறோரிடத்தில் என்ற பிரிவினை அங்கே இல்லை. இரண்டும் ஒரே கோட்டால் ஆனவை.

இந்த ஒற்றைக் கோடுதான் வெளிப்பாட்டியத்தின் அடிப்படை. அதை நினைவில் வைத்துக்கொண்டு டிரெஸ்டன் நகருக்குச் செல்வோம்.

ஏரிக்கரையில் விடுதலை

1905ஆம் ஆண்டு ஜூன் மாதம், டிரெஸ்டனில் கட்டடக்கலை பயின்ற நான்கு மாணவர்கள் ‘பாலம்’ என்னும் பொருள்படும் ‘டி புரூக்கே’ குழுவைத் தொடங்கினர். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர், எரிக் ஹெக்கல், கார்ல் ஷ்மிட்-ரோட்லுஃப், ஃபிரிட்ஸ் பிளைல் ஆகிய நால்வரும் ஓவியப் பள்ளியில் முறையாகத் தேறியவர்கள் அல்லர். தொழிலாளர் குடியிருப்பான ஃபிரீட்ரிக்ஷ்டாட்டில் பழைய கடைகளை வாடகைக்கு எடுத்து, அவற்றையே ஓவியக்கூடமாக்கிக்கொண்டனர். 1906இல் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட அவர்களது அறிக்கை, இளையோரை ஒன்றுசேர அழைத்தது. வேரூன்றி நின்ற பழைய அதிகாரங்களிடமிருந்து விடுதலை கோரியது.

அன்றைய ஜெர்மனி பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஆட்சியில் இருந்தது. சீருடையும் பட்டமும் ஆடையும் ஒருவரது தகுதியைப் பறைசாற்றிய சமூகம் அது. கலைப் பள்ளிகளில் மாடலை மேடைமீது நிறுத்தி, கிரேக்கச் சிலைகளின் அளவுக்கேற்ப உடலைத் திருத்தி வரையக் கற்பித்தனர். புரூக்கே ஓவியர்கள் இதை மறுத்தனர். மாடல்களைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றச் செய்து, விரைந்து வரைந்து பழகினர். 1909 முதல் 1911 வரையிலான கோடைகளில், டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள மோரிட்ஸ்பர்க் ஏரிகளுக்குத் தோழியரோடும் மாடல்களோடும் சென்று, ஆடையின்றி நீரில் குளித்தபடியும் நாணல்களுக்கிடையே நடந்தபடியும் வாழ்ந்து வரைந்தனர்.

அந்த ஓவியங்களில் உடலைச் சுற்றிய கோடும் மரத்தைச் சுற்றிய கோடும் ஒரே தடிமனில் அமைந்தவை. மரச்செதுக்கு அச்சில் அவர்கள் பெற்ற பயிற்சி இதற்கு உதவியது. உளி மரத்தின் நாரோடு மல்லுக்கட்டும்போது மென்மையான நிழலுக்கு இடமில்லை. முகமும் இலையும் அலையும் ஒரே முரட்டு வெட்டினால்தான் உருவாகும். எது முதன்மை, எது பின்னணி என்ற ஏற்றத்தாழ்வு கலைந்துபோகிறது. ஆடை களைந்த உடலில் பட்டமோ பதவியோ தெரிவதில்லை. பிறப்பும் செல்வமும் உடலின்மீது ஏற்றிவைத்த அடையாளங்களை உதறிவிட முடியும் என்ற நம்பிக்கை அந்த ஓவியங்களில் உயிர்ப்போடு இருக்கிறது. அதை நாம் குறைத்து மதிப்பிடத் தேவையில்லை.

இயற்கையாக்கப்பட்டவர்கள்

இருப்பினும், அந்த ஏரிக்கரையில் இருந்தவர்கள் யார் என்று கேட்கும்போது வேறொரு கதை தொடங்குகிறது.

மோரிட்ஸ்பர்க் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரும் சிறுமியின் பெயர் ஃபிரென்ஸி. பல பதின்ஆண்டுகளாகக் கலை வரலாறு அவளை அந்தச் செல்லப் பெயரால் மட்டுமே அறிந்திருந்தது. 1990களில்தான், கிர்ஷ்னரின் வரைவேட்டிலிருந்த ஒரு குறிப்பைப் பின்தொடர்ந்த ஆய்வின் வழியாக, அவள் லினா ஃபிரான்சிஸ்கா ஃபேர்மான் என்பதும், 1900இல் பிறந்தவள் என்பதும், டிரெஸ்டனின் தொழிலாளர் குடும்பமொன்றின் குழந்தை என்பதும் தெரியவந்தன. அதாவது அந்த ஓவியர்கள் அவளை வரையத் தொடங்கியபோது அவளுக்கு வயது எட்டு அல்லது ஒன்பது. அவர்கள் அவளை ஆடையின்றியும் வரைந்தனர். ஹெக்கல் 1910இல் செய்த புகழ்பெற்ற மரச்செதுக்கு ஒன்றில் அவளது முகம் தொல்குடியினரின் முகமூடி போல ஆக்கப்பட்டிருக்கிறது. கட்டற்ற இயல்பின் உருவாக அவளைக் கண்டவர்கள், மறுத்துச் சொல்லும் நிலையில் அவள் இருந்தாளா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

சர்க்கஸ் கலைஞர்களாக இருந்த கறுப்பின மாடல்கள் மூவர் சாம், மில்லி, நெல்லி என்ற பெயர்களோடு மட்டும் அந்த ஓவியங்களில் வாழ்கின்றனர். கிர்ஷ்னர் 1911இல் வரைந்த ‘உறங்கும் மில்லி’ இன்று பிரேமன் நகரின் கலைக்கூடத்தில் இருக்கிறது. மில்லியின் குடும்பப் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. அக்காலத்தில் ஜெர்மனியின் விலங்குக் காட்சிச்சாலைகளில் ‘மக்கள் காட்சி’ என்ற பெயரில் ஆப்பிரிக்க, ஆசிய, பசிபிக் தீவு மக்களை வேலிக்குள் குடியமர்த்திக் கட்டணம் வாங்கிக் காட்டினர். ஹாம்பர்க்கின் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கையிலிருந்தும் யானைகளோடு மனிதர்களைக் கொண்டுசென்று இவ்வாறு காட்சிப்படுத்தினார். டிரெஸ்டன் விலங்குக் காட்சிச்சாலையிலும் இத்தகைய காட்சிகள் நடந்தன. அதே நகரின் இனவியல் அருங்காட்சியகத்தில், அன்று ஜெர்மன் குடியேற்றமாக இருந்த பலாவு தீவிலிருந்து கொணர்ந்த, உருவங்கள் செதுக்கி வண்ணம் தீட்டிய உத்தரங்களைக் கண்டு கிர்ஷ்னர் கிளர்ச்சியுற்றார். புரூக்கே ஓவியங்களில் உடல்கள் கோணங்களாக வெட்டப்படுவதற்கு அந்த உத்தரங்கள் ஒரு முக்கியக் காரணம். அவற்றைச் செதுக்கிய கைகள் யாருடையவை என்ற குறிப்பு எங்கும் இல்லை.

சில காலம் அக்குழுவில் இருந்த எமில் நோல்டே இன்னும் நெடுந்தொலைவு சென்றார். 1913இல் ஜெர்மன் குடியேற்ற அலுவலகத்தின் ஆய்வுக் குழுவோடு அவர் நியூ கினியாவுக்குப் பயணமானார். குடியேற்றப் பகுதிகளில் உள்ளூர் மக்கள்தொகை ஏன் குறைகிறது என்று ஆராய்வது அக்குழுவின் பணி. நோல்டே அங்கே தொல்குடியினரின் முகங்களை வரைந்து குவித்தார். வரையும்போது சுடுவதற்கு அணியமான கைத்துப்பாக்கி பக்கத்தில் இருந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். இயற்கையோடு ஒன்றிய மனிதன் என்று அவர் போற்றிய மனிதரின் முகத்துக்கும் அவரது தூரிகைக்கும் இடையே ஒரு துப்பாக்கி கிடந்தது.

ஒடுக்கப்பட்டவரை இழிவுபடுத்தும் பார்வையை நாம் எளிதில் இனங்காண்கிறோம். அவரை ‘மண்ணோடு ஒன்றியவர்’, ‘கள்ளமற்றவர்’, ‘இயற்கையின் பிள்ளை’ என்று புகழும் பார்வையை இனங்காண்பது அரிது. முதற்பார்வை அவரது மாண்பை மறுக்கிறது. இரண்டாவது பார்வை அவருக்கு வரலாறும் விருப்பமும் சொல்லும் உண்டு என்பதை மறந்துவிடுகிறது. டிரெஸ்டனின் இளம் ஓவியர்கள் தம் சமூகத்தின் தளைகளை வெறுத்தது உண்மை. ஆனால் நடுத்தர வகுப்பிலிருந்து வந்த அவர்களுக்குத் தளையை விடுவதும் மீண்டும் அணிவதும் தம் விருப்பத்தைச் சார்ந்தவை. கோடை முடிந்ததும் அவர்கள் நகருக்குத் திரும்பினர். ஃபிரென்ஸிக்கும் மில்லிக்கும் அத்தகைய போக்குவரத்து இல்லை.

உழப்படும் நிலம், உழும் உடல்

ஏறத்தாழ இதே ஆண்டுகளில், பெர்லினில் வேறொரு கலைஞர் மனித உடலையும் நிலத்தையும் முற்றிலும் மாறான முறையில் இணைத்துக்கொண்டிருந்தார். கெத்தே கொல்விட்ஸ், தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் மருத்துவராகப் பணியாற்றிய கணவருடன் குடியிருந்தவர். வெளிப்பாட்டிய ஓவியக் குழு எதிலும் அடங்காதவர் என்றாலும், வெளிப்பாட்டியத்தைப் பற்றிய எந்த உரையாடலும் அவரைத் தவிர்க்க இயலாது.

1524-25ஆம் ஆண்டுகளில் நடந்த ஜெர்மன் உழவர் எழுச்சியை அடிப்படையாகக் கொண்டு, 1902 முதல் 1908 வரை அவர் ‘உழவர் போர்’ என்னும் ஏழு அச்சுப் படங்களைச் செப்புத் தகட்டில் உருவாக்கினார். முதற்படத்தின் பெயர் ‘உழுவோர்’. ஏரில் பூட்டப்பட்டிருப்பவை மாடுகளல்ல; மனிதர்கள். மார்பின் குறுக்கே வார் இறுக, முகம் மண்ணைத் தொட்டுவிடும் அளவுக்கு அவர்கள் முன்சாய்ந்து இழுக்கின்றனர். அவர்களது முதுகின் கோடும் நிலத்தின் கோடும் ஏறக்குறைய இணையாகவே செல்கின்றன.

இங்கும் உடலும் இயற்கையும் ஒரே கோட்டில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கோடு சொல்லும் பொருள் வேறு. மோரிட்ஸ்பர்க்கில் உடல் நிலத்தோடு இணைவது இன்பத்தால். கொல்விட்ஸின் படத்தில் அது இணைக்கப்படுவது நுகத்தால். நிலம் தமக்குச் சொந்தமில்லாதவர்கள் நிலத்தோடு இவ்வாறுதான் ஒன்றுகிறார்கள் என்று படம் காட்டுகிறது.

அவ்வரிசையின் இரண்டாவது படம் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட உழவர் பெண்ணைக் காட்டுகிறது. மிதிபட்ட தோட்டச் செடிகளுக்கிடையே அவள் மல்லாந்து கிடக்கிறாள். செடிகளையும் உடலையும் பிரித்தறியச் சற்று நேரம் பிடிக்கிறது. வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்க்கிறது. குற்றம் இழைத்தவன் படத்தில் இல்லை. ஐரோப்பிய ஓவிய மரபு நெடுங்காலமாகப் பெண்ணுடலைச் சோலைகளில் கிடத்தி அழகெனப் போற்றிவந்தது. அதே சோலையை வைத்துக்கொண்டு, அங்கே உண்மையில் நடப்பது என்ன என்று கொல்விட்ஸ் கேட்டார். ஐந்தாவது படத்தில் உழவர்கள் நிமிர்கின்றனர். முதுகு காட்டி நிற்கும் ஒரு மூதாட்டி இரு கைகளையும் உயர்த்தி அவர்களை முன்னே ஏவுகிறாள். முதற்படத்தில் தரையோடு தாழ்ந்திருந்த கோடு இங்கே புயலாகச் சீறுகிறது.

ஆறாவது படம் போர்க்களம். இருளில் கையில் விளக்கோடு ஒரு தாய் பிணங்களுக்கிடையே தன் மகனைத் தேடுகிறாள். படத்தில் மிகுந்த ஒளி விழும் இடம், ஓர் இளைஞனின் முகவாயைத் தொடும் அவளது முதிர்ந்த கை. இப்படத்தை முடித்துச் சில ஆண்டுகளில், 1914 அக்டோபரில், கொல்விட்ஸின் மகன் பீட்டர் பெல்ஜியத்தில் போரில் இறந்தான்.

தூய்மை என்னும் சொல்

மியூனிக் நகரில் ‘நீலக் குதிரை வீரன்’ குழுவைச் சேர்ந்த பிரான்ஸ் மார்க் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். அவர் மனித உருவத்தையே பெரும்பாலும் கைவிட்டார். மனிதரைக் காட்டிலும் விலங்குகள் தூய்மையானவை என்று கருதி, நீலக் குதிரைகளையும் மஞ்சள் பசுவையும் வரைந்தார். 1911இல் வரைந்த ‘பெரிய நீலக் குதிரைகள்’ ஓவியத்தில் குதிரைகளின் கழுத்து வளைவே பின்னாலுள்ள குன்றுகளின் வளைவாகத் தொடர்கிறது.

மார்க் தேடிய தூய்மை ஆன்மிகமானது. எவரையும் இழிவுபடுத்தும் நோக்கம் அதில் இல்லை. எனினும் அந்தச் சொல் யார் கையில் என்னவாகும் என்பதை வரலாறு விரைவில் காட்டியது. போர் உலகைத் தூய்மைப்படுத்தும் என்று நம்பிப் படையில் சேர்ந்த மார்க், 1916 மார்ச் மாதம் வெர்டூன் அருகே கொல்லப்பட்டார். கிர்ஷ்னர் படையில் சேர்ந்து மனமுடைந்து திரும்பினார். 1915இல் அவர் வரைந்த தன்னுருவப் படத்தில், சீருடை அணிந்த ஓவியனின் வலக்கை மணிக்கட்டோடு துண்டிக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் அவர் கையை இழக்கவில்லை. வரைய இயலாமல் போய்விடுமோ என்ற அச்சமே அந்த வடிவம் கொண்டது. சிதைந்த உடலைச் சிதைந்தபடியே வரைவது இப்போது வெளிப்பாட்டியத்தின் வாய்மையாயிற்று.

உடலைத் தண்டித்த அரசு

அந்தச் சிதைவையே குற்றமாக்கியது அடுத்து வந்த காலம். 1928இல் கட்டடக்கலைஞர் பவுல் ஷுல்ட்ஸே-நவும்பர்க் ‘கலையும் இனமும்’ என்ற நூலை வெளியிட்டார். வெளிப்பாட்டிய, நவீன ஓவியங்களில் உள்ள முகங்களை ஒரு பக்கத்திலும், நோயுற்றவர்கள், உடற்குறை உடையவர்கள் ஆகியோரின் ஒளிப்படங்களை மறுபக்கத்திலும் அச்சிட்டு, இரண்டும் ஒரே சீரழிவின் விளைவுகள் என்று வாதிட்டார். இயற்கை வகுத்த நல்லுடல் ஒன்று உண்டு, அதிலிருந்து விலகிய ஓவியமும் மனிதரும் கழிவு என்பது அதன் சாரம்.

நாஜிகள் இதை அரசாணையாக்கினர். 1933 ஜூலையில், பரம்பரை நோயுடையோர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைக் கட்டாயமாக மலடாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு கொல்விட்ஸ் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து விலகும்படி நெருக்கப்பட்டார். 1937 ஜூலை 18 அன்று மியூனிக்கில் உரையாற்றிய ஹிட்லர், வயலை நீலமாகவும் வானத்தைப் பச்சையாகவும் வரைவோரை எள்ளி நகையாடினார். அவர்கள் உண்மையிலேயே அப்படித்தான் காண்கிறார்கள் என்றால், அந்தப் பார்வைக் கோளாறு அடுத்த தலைமுறைக்குச் செல்லாமல் தடுக்க உள்துறை அமைச்சகம் ஆவன செய்ய வேண்டும் என்றார். இயற்கையை வேறு நிறத்தில் வரைந்த ஓவியனுக்கு விடுக்கப்பட்ட மலடாக்கல் அச்சுறுத்தல் அது.

மறுநாள் ‘சீரழிந்த கலை’ கண்காட்சி திறக்கப்பட்டது. 32 அருங்காட்சியகங்களிலிருந்து பறிக்கப்பட்ட சுமார் 650 படைப்புகள் நெருக்கியடித்து மாட்டப்பட்டு, ஏளன வாசகங்களோடு காட்டப்பட்டன. கறுப்பினத்தவரையும் தீவு மக்களையும் மனநோயாளரையும் மனிதனின் முன்மாதிரியாகக் காட்டியது இவ்வோவியங்கள்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. கிர்ஷ்னரின் 639 படைப்புகள் அருங்காட்சியகங்களிலிருந்து அகற்றப்பட்டன. 1938 ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அருகே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்த வரலாற்றில் குறைவாகவே நினைவுகூரப்படும் பெயர் எல்ஃப்ரீடே லோசே-வெக்ட்லர். டிரெஸ்டனில் பிறந்த இவர், 1929இல் ஹாம்பர்க்கின் ஃபிரீட்ரிக்ஸ்பெர்க் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது உடனிருந்த நோயாளிப் பெண்களின் முகங்களை வரைந்தார். மருத்துவன் நோயாளியைப் பார்க்கும் பார்வை அவற்றில் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவளின் பார்வை அது. 1935இல் அவர் கட்டாயமாக மலடாக்கப்பட்டார். 1940 ஜூலை 31 அன்று, டிரெஸ்டனுக்கு அருகேயுள்ள பிர்னா-சொன்னன்ஸ்டைன் கொலைக்கூடத்தில் நச்சு வாயுவால் கொல்லப்பட்டார். அந்த ஓரிடத்தில் மட்டும் 1940, 1941 ஆகிய ஆண்டுகளில் 13,000க்கு மேற்பட்ட நோயாளிகளும் உடற்குறை உடையோரும் கொல்லப்பட்டனர்.

இங்கு ஒரு முரண்பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். அருங்காட்சியகங்களிலிருந்து மிக அதிகமாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் பறிக்கப்பட்ட ஓவியர் எமில் நோல்டே. ஆனால் அவர் நாஜிக் கட்சியின் உறுப்பினர், யூத வெறுப்பாளர். போருக்குப் பின் அவர் பாதிக்கப்பட்ட கலைஞராக மட்டுமே போற்றப்பட்டார். 2019இல் பெர்லினில் நடந்த கண்காட்சி அவரது கடிதங்களின் துணையோடு இந்தப் பிம்பத்தைக் கலைத்தது. ஒடுக்கும் அரசால் ஒருவர் பாதிக்கப்பட்டார் என்பது, அவர் ஒடுக்குமுறைக் கருத்துக்கு எதிராக இருந்தார் என்பதற்குச் சான்றாகாது.

நாம் கேட்க வேண்டியவை

ஏற்றத்தாழ்வைக் கட்டிக்காப்போர் எக்காலத்திலும் அதைத் தாம் உருவாக்கியதாகச் சொல்வதில்லை; இயற்கை வகுத்தது என்பர். மியூனிக் கண்காட்சிக்கு ஓராண்டுக்கு முன், 1936இல் வெளியான ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் இதே வாதத்தை எதிர்கொண்டார். இரத்தத் தூய்மையையும் இன மேம்பாட்டையும் காரணம் காட்டிச் சாதிக்கு உயிரியல் அரண் கட்ட முயன்றோரை அவர் அந்நூலில் மறுத்தார். சாதிப் பிரிவினைக்கு இயல்பான திறன்கள் அடிப்படையல்ல என்றும் நிறுவினார். ஜெர்மனியில் மலடாக்கல் சட்டத்துக்கு அறிவியல் பெயர் சூட்டப் பயன்பட்ட அதே இன மேம்பாட்டுக் கோட்பாடுதான், இங்கே சாதிக்கு வக்காலத்து வாங்கவும் பயன்பட்டது.

ஆகவே, ஒரு வெளிப்பாட்டிய ஓவியத்தின் முன் நிற்கும்போது, அதன் நிறத்தின் வீச்சில் மகிழ்வதோடு சில கேள்விகளையும் கேட்போம். இந்த உடல் நிலத்தோடு இணைந்திருப்பது விருப்பத்தாலா, கட்டாயத்தாலா? இந்த உருவத்துக்குப் பெயர் உண்டா? வரைந்தவருக்கு இருந்த வாய்ப்பு வரையப்பட்டவருக்கு இருந்ததா? இக்கேள்விகள் ஓவியத்தின் அழகைக் கெடுப்பதில்லை. ஃபிரென்ஸியின் முழுப்பெயர் தெரிந்த பிறகு அந்த மரச்செதுக்கைப் பார்ப்பவர், முகமூடிக்குப் பின்னால் டிரெஸ்டனின் ஒரு தொழிலாளர் வீட்டுக் குழந்தையைக் காண்கிறார். மில்லியின் முழுப்பெயர் இன்னும் கிடைக்கவில்லை.